பார்க்கிங் தளம் ஏன் இரண்டே மழைக்காலத்தில் பெயர்ந்துவிடுகிறது? கல்லாற்றை வைத்து ஒரு கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு வார இறுதியில் வண்டி எடுத்துப் போனவர்களுக்கு கல்லாறு தெரிந்திருக்கும். நெடுமங்காடு, விதுரா தாண்டி, தலைநகரிலிருந்து சுமார் 45 கி.மீ. தூரத்தில் வரும் ஊர் அது. மீன்முட்டி அருவிக்கு நடக்கிறவர்கள் வண்டியை நிறுத்துவது இங்கேதான். பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளும் இதற்கு அப்புறம்தான் தொடங்குகின்றன.

சுற்றுலா வளரும் எந்த மலையடிவார ஊரிலும் ஹோட்டல், ஹோம்ஸ்டே, கடை என்று எது கட்டினாலும் அடுத்த கேள்வி பார்க்கிங்தான். நிலத்தைச் சமன் செய்து, மேலே தாரோ இன்டர்லாக் கட்டையோ போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் ஒரு மூலை இறங்கியிருக்கும், நடுவில் குளம் கட்டியிருக்கும், நுழைவாயிலில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும்.

இது கல்லாற்றுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. உங்கள் ஆபீஸ் வளாகம், அபார்ட்மென்ட், பக்கத்துத் திருமண மண்டபம் எல்லாவற்றிலும் இதே கதைதான். மழை அதிகம், மண் சரிவு, சீசனில் டூரிஸ்ட் பஸ் என்று எல்லாச் சோதனையும் ஒரே இடத்தில் நடப்பதால், கல்லாறு போன்ற ஊரை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் சீக்கிரம் புரியும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

10 சென்ட் நிலத்தில் ஒரு பார்க்கிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக 10 சென்ட் சுமார் 400 சதுர மீட்டர். இந்திய நகரத் திட்டமிடலில் திறந்தவெளியில் ஒரு காருக்கு, அது நிற்கும் இடமும் உள்ளே வந்து திரும்பும் பாதையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த நிலத்தில் சுமார் 17 கார்கள் நிற்கும்.

கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 2,900 மி.மீ. தமிழ்நாட்டின் சராசரி சுமார் 920 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால்:

- 400 சதுர மீட்டரில் கேரளச் சராசரிப்படி ஆண்டுக்கு விழும் தண்ணீர்: 11.6 லட்சம் லிட்டர்
- அதே நிலம் தமிழ்நாட்டுச் சராசரியில் இருந்தால்: சுமார் 3.7 லட்சம் லிட்டர்
- ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால்: அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 20,000 லிட்டர்

புல்லும் மரமுமாக இருந்தபோது இதில் பெரும்பகுதியை மண் குடித்திருக்கும். தாரோ கான்கிரீட்டோ போட்ட பிறகு பத்தில் எட்டு, ஒன்பது பங்கு மேலேயே ஓடும். அது எங்கே போகிறது என்று யாரும் யோசிக்காவிட்டால் தண்ணீரே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் தளத்தின் ஓரமாகவும், விரிசல் வழியாக அடியிலும்தான் இருக்கும்.

தண்ணீர் அடியில் இறங்கினால் என்ன ஆகும்? வண்டியின் எடையை உண்மையில் தாங்குவது மேலே தெரியும் கறுப்புத் தார் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் ஜல்லி அடுக்கும், அதற்கும் கீழே இருக்கும் மண்ணும்தான். களிமண் கலந்த மண் நனைந்தால் அதன் தாங்கும் திறன் கடுமையாகக் குறையும். அதனால்தான் சாலைப் பொறியாளர்கள் சி.பி.ஆர். என்ற மண் சோதனையைச் செய்யும்போது மாதிரியை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள். வெயில் காலத்தில் கல்லு மாதிரி இருக்கும் தரை, ஜூன் மாத இடவப்பாதி மழையில் எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு வேண்டிய பதில்.

அடுத்து எடைக் கணக்கு: கார் கெடுக்கிறதா, பஸ் கெடுக்கிறதா?

1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. பலவித எடையுள்ள லாரிகளை ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டி, தளம் எப்போது உடைகிறது என்று அளந்தார்கள். அதில் கிடைத்த முடிவு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது: ஓர் அச்சின் எடை கூடக்கூட, தளத்துக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்கில் கூடும். எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு.

ஒரு காரின் ஓர் அச்சில் 0.7 டன், ஒரு டூரிஸ்ட் பஸ்ஸின் பின் அச்சில் 10 டன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் சுமார் 14. அதன் நான்காம் அடுக்கு 40,000-க்கும் மேல். காருக்கு இரண்டு அச்சு என்பதால், ஒரு பஸ் ஒரு முறை உள்ளே வருவது சுமார் 20,000 கார்கள் வருவதற்குச் சமம்.

இந்த ஒரு எண் பல செலவு முடிவுகளை மாற்றிவிடும். 17 கார் நிற்கும் இடம் முழுவதையும் பஸ் தாங்கும்படி கட்டத் தேவையில்லை. பஸ், குப்பை லாரி, தண்ணீர் டேங்கர் எந்தப் பாதையில் வருகின்றனவோ அந்தப் பாதையை மட்டும் கனமாகப் போட்டால் போதும். நடைமுறையில் பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம், அதுவும் கார் கணக்குக்கு. பிறகு தண்ணீர் டேங்கர் நிற்கும் மூலை மட்டும் முதலில் இறங்குகிறது.

சாலை போடுவதும் பார்க்கிங் போடுவதும் ஒன்றுதானே?

இல்லை. பார்க்கிங் தளத்துக்குத் தனிப் பிரச்சினைகள் உண்டு.

*நிற்கும் எடை:* தார் வெயிலில் இளகும். ஓடும் வண்டி ஒரு நொடிக்கும் குறைவாகவே அழுத்தும். நிற்கும் வண்டி மணிக்கணக்கில் அழுத்தும். ஏப்ரல் மதியத்தில் பைக்கின் சைட் ஸ்டாண்ட் தாருக்குள் இறங்கி வண்டி சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

*நின்ற இடத்தில் திருப்புவது:* பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு, வண்டி நகராமலே சக்கரத்தைத் திருப்புகிறோம். டயர் மேற்பரப்பை அரைக்கிறது. மேலே உள்ள பொடி ஜல்லி கழன்று வருவது இதனால்தான்.

*எண்ணெய்:* தாரும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். அதனால் சொட்டும் டீசலும் எஞ்சின் ஆயிலும் அதைக் கரைக்கும். ஒரே இடத்தில் தினமும் நிற்கும் வண்டிக்குக் கீழே தளம் மெத்தென்று ஆவதன் காரணம் அது.

*வாட்டம்:* சாலையில் நடுவில் மேடு வைத்து இருபுறமும் தண்ணீரை இறக்கலாம். பார்க்கிங் என்பது அகலமான ஒரே பரப்பு. மழை மிகுந்த பகுதிகளில் தார், கான்கிரீட் சாலைகளுக்கு 2 சதவீதக் குறுக்கு வாட்டம் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தரும் அளவு. அதையே இங்கேயும் கொண்டால், 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை 40 செ.மீ. தாழ வேண்டும். "கண்ணுக்குச் சமமா இருக்கு" என்று மேஸ்திரி சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். டியூப் லெவலை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மலைப்பகுதியில் இன்னொன்றும் சேர்கிறது. சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் சமதளம் கிடைக்கும். வெட்டிய பக்கம் பழைய, இறுகிய நிலம். கொட்டிய பக்கம் புது மண். இரண்டும் ஒரே வேகத்தில் அமுங்காது. மொத்த மண்ணையும் ஒரே நாளில் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால், மேல் அரை அடி மட்டுமே இறுகும். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகக் கொட்டி, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் உருட்ட வேண்டும். பல பார்க்கிங் தளங்களில் நடுவில் கோடு போட்டது போல நீளமாக விரிசல் விழுகிறதே, அது பெரும்பாலும் வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும் சேரும் இடம்தான்.

பெரிய அளவில் இதே பாடத்தைப் பொன்முடி சாலையும் சொன்னது. 2022 மழையில் 12-வது வளைவருகே சாலை இடிந்ததால், பயணிகள் மேலே போக முடியாமல் மாதக்கணக்கில் பாதை மூடப்பட்டது. தார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடியில் உள்ள மண்ணைத் தண்ணீர் எடுத்துப் போய்விட்டால் மேலே எதுவும் நிற்காது.

தார், கான்கிரீட், இன்டர்லாக்: எதைப் போடுவது?

மூன்றுக்கும் இடம் உண்டு. எது உயர்ந்தது என்று கேட்காமல், எந்த இடத்துக்கு எது என்று கேட்பது நல்லது.

தார்: வேகமாகப் போடலாம், மறுநாளே வண்டி விடலாம். ஆனால் சூடு முக்கியம். வழக்கமாகப் பயன்படும் விஜி-30 தாரில் கலவை பிளான்ட்டில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். பிளான்ட் தொலைவில் இருந்து, லாரி மலையேறி, வழியில் மழையும் பிடித்துக்கொண்டால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவை இறுகாது, இறுகாத தளத்துக்குள் தண்ணீர் போகும். சிறிய வேலைக்கு மலையூரில் தார் அவ்வளவு பொருந்தாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

கான்கிரீட்: பஸ் திரும்பும் இடம், டேங்கர் நிற்கும் இடம், சரிவான நுழைவாயில், எண்ணெய் சொட்டும் இடம் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால் முழு பலம் பெற 28 நாள் ஆகும். சுமார் 4 மீட்டருக்கு ஒரு வெட்டு கொடுக்காவிட்டால் அது தானே இஷ்டத்துக்கு விரியும். போட்டதும் தண்ணீர் காட்டி நனைத்து வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

இன்டர்லாக்: தமிழ்நாட்டில் நாம் பேவர் பிளாக் என்று சொல்வதைக் கேரளத்தில் இன்டர்லாக் என்கிறார்கள். இதற்கு ஐஎஸ் 15658 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. நடைபாதைக்கு 50 மி.மீ., கார் பார்க்கிங்குக்கு 60 மி.மீ., அதைவிடக் கனமான போக்குவரத்துக்கு 80 மி.மீ. அதற்கும் மேல் என்று தடிமனும் வலிமையும் சேர்ந்தே ஏறும். இதன் பெரிய லாபம், பழுதானால் அந்த இடத்தை மட்டும் கழற்றி, அடித்தளத்தைச் சரிசெய்து, அதே கட்டையை மறுபடி பதிக்கலாம். கேபிள், பைப் போட அடிக்கடி தோண்டும் அபார்ட்மென்ட்டுக்கு இது மிகவும் உதவும்.

இன்டர்லாக் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டை இல்லை. ஜல்லி அடுக்கைத் தவிர்த்துவிட்டு எம்-சாண்டைத் தடிமனாகப் பரப்பி மேலே கட்டையை வைப்பதுதான் காரணம். மணல் மெத்தை 3 செ.மீ. அளவில் இருந்தால் போதும், எடையைத் தாங்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள ஜல்லி. சுற்றிலும் கான்கிரீட் கரை இல்லாவிட்டால் கட்டைகள் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். வண்டி திரும்பும் இடத்தில் நேர்வரிசையைவிட மீன்முள் வரிசை நன்றாகப் பிடித்து நிற்கும்.

தண்ணீரை உள்ளே விடும் தளம்: இடையில் புல் வளரும் கட்டைகள், பொடி ஜல்லி குறைத்த துளை கான்கிரீட் போன்றவை உண்டு. கார் மட்டும் நிற்கும் இடத்துக்கு இவை நல்ல தேர்வு. அந்த 11.6 லட்சம் லிட்டரில் ஒரு பகுதியாவது மண்ணுக்குப் போகும். ஆனால் செங்குத்துச் சரிவின் விளிம்பிலும், புதிதாக மண் கொட்டிய பக்கத்திலும் இதைப் போடக் கூடாது. அங்கே தண்ணீரை உள்ளே விடுவது சரிவையே பலவீனமாக்கும்.

பிளாஸ்டிக் கலந்த தார் உண்மையில் வேலை செய்கிறதா?

இது மதுரையில் பிறந்த தொழில்நுட்பம். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லி மீது நறுக்கிய கழிவு பிளாஸ்டிக்கைத் தூவி, அது மெல்லிய படலமாக ஒட்டிய பிறகு தாரைக் கலக்கும் முறையை உருவாக்கினார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2013-ல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பயன் எங்கே என்றால், பிளாஸ்டிக் பூசிய ஜல்லிக்கும் தாருக்கும் இடையே தண்ணீர் எளிதில் புக முடியாது. மழை மிகுந்த ஊருக்கு இது நேரடி லாபம். கேரளத்தில் ஹரித கர்ம சேனை வீடுவீடாகச் சேகரிக்கும் பிளாஸ்டிக், நறுக்கப்பட்டு கிளீன் கேரளா கம்பெனி மூலம் சாலைப் பணிக்குப் போகிறது. ஆனால் வாட்டமும் அடித்தளமும் சரியில்லாத இடத்தில் பிளாஸ்டிக் தாரும் மற்றத் தார் மாதிரியே பெயரும்.

ஒப்பந்தக்காரரிடம் என்ன சரிபார்ப்பது?

பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சில எண்களைக் கையில் வைத்திருந்தால் போதும்.

1. எடைச் சீட்டு: 400 சதுர மீட்டருக்கு 30 மி.மீ. தார் என்றால் 12 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். ஆக ஏறத்தாழ 28 டன் வர வேண்டும். எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டினால் 19 டன்தான் என்றால், உங்களுக்குக் கிடைத்தது 20 மி.மீ. மட்டுமே.
2. குழி தோண்டிப் பார்ப்பது: மேல் அடுக்கு போடும் முன், ஜல்லி அடுக்கில் இரண்டு மூன்று இடத்தில் தோண்டி ஸ்கேலால் அளந்து படம் எடுங்கள். மேலே மூடிய பிறகு எதுவும் தெரியாது.
3. தண்ணீர் சோதனை: வேலை முடிந்ததும் டேங்கர் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கடைசித் தவணைப் பணத்தை இதற்குப் பிறகு கொடுங்கள்.
4. மழைக்காலத்தைத் தாண்டும் உத்தரவாதம்: பழுது பொறுப்புக் காலத்தை எழுத்தில் கேளுங்கள். அது ஒரு முழு இடவப்பாதியையும் ஒரு துலாவர்ஷத்தையும் (தமிழ்நாட்டில் என்றால் வடகிழக்குப் பருவமழையையும்) உள்ளடக்க வேண்டும். கேரளப் பொதுப்பணித் துறை தன் சாலைகளில், பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது, யாரைக் கூப்பிடுவது என்று பலகை வைக்கிறது. அதே பழக்கம் தனியார் வளாகத்துக்கும் நல்லது.
5. நிலத்தின் வகை: கேரளத்தில் நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் நிரப்புவதை 2008-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வயலாகப் பதிவான நிலத்தில் மண் கொட்டும் முன் கிராம அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.
6. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம்: சாதாரண இடத்தைவிட அகலமாக, 3.6 மீட்டர் வேண்டும். சக்கர நாற்காலி இறங்கி ஏறும் அந்த இடம் வாசலுக்குப் பக்கத்திலும், முடிந்தவரை சமமாகவும் இருக்க வேண்டும். தளம் போட்ட பிறகு யோசித்தால் உடைக்கத்தான் வேண்டிவரும்.

பராமரிப்புக்கு ஒரு எளிய நாட்காட்டி

ஏப்ரல், மே: வடிகால்களைத் தூர்வாருங்கள். விரிசல்களைச் சுத்தம் செய்து தார் எமல்ஷனால் அடையுங்கள். சிறு விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர்தான் அடுத்த வருடப் பள்ளம்.

ஜூன் முதல் ஆகஸ்ட்: பெரிய வேலை வேண்டாம். மழை பெய்யும்போது ஒரு முறை குடையுடன் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கிருந்து கலங்கலாக வருகிறது என்று போனில் படம் எடுங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் அடி மண் போகிறது என்று அர்த்தம். பள்ளம் விழுந்தால் குளிர் கலவையால் தற்காலிகமாக மூடலாம். எஃகு ஆலைக் கசடிலிருந்து, தண்ணீர் நிற்கும் பள்ளத்திலும் போடும்படி மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 'ஈக்கோஃபிக்ஸ்' என்ற கலவையையும் உருவாக்கியிருக்கிறது.

செப்டம்பர்: துலாவர்ஷத்துக்கு முன் மறுபடி வடிகால். இன்டர்லாக் இடைவெளியில் மணல் குறைந்திருந்தால் நிரப்புங்கள். பாசியைத் தேய்த்து எடுங்கள், வழுக்கி விழுவது இங்கேதான் நடக்கிறது. பிரஷர் வாட்டர் அடித்தால் பாசியோடு மணலும் போய்விடும், அடித்த கையோடு மணல் போடுவதை மறக்க வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரி: நிரந்தரப் பழுதுபார்ப்புக்கு ஏற்ற காலம். பள்ளத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, தளர்ந்ததை எல்லாம் எடுத்து, காயவைத்து, ஓரங்களில் எமல்ஷன் பூசி, அடுக்கடுக்காக நிரப்பி இடிக்க வேண்டும். குழியில் ஜல்லியைக் கொட்டி மேலே தார் ஊற்றிப் போவது அடுத்த மழை வரைதான்.

இதில் நமக்கு என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் சாலைப் பள்ளங்களால் நடந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்தார்கள். அது பொதுச் சாலைகளின் கணக்கு. தனியார் வளாகத்துக்குள் ஒரு டெலிவரி பையன் பைக்கோடு விழுவதும், வயதானவர் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. அங்கே பொறுப்பு யாருடையது என்றால், கட்டணம் வாங்குபவரோ, மெயின்டனன்ஸ் வசூலிக்கும் சங்கமோதான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு பங்குதாரரும் இருக்கிறார்கள்: கீழே வாழ்பவர்கள். கல்லாறு ஓடி வாமனபுரம் ஆறாகிறது, அந்த ஆற்றுத் தண்ணீரைக் கீழ்ப்பகுதி ஊர்கள் குடிக்கின்றன. கரையோரப் பார்க்கிங்கில் சொட்டும் எண்ணெயும், டயர் தூளும், பெயர்ந்த தாரும் முதல் மழையில் ஆற்றுக்குத்தான் போகும். வடிகாலை நேராக ஆற்றில் விடாமல், வழியில் ஒரு வண்டல் குழியும் புல் வரப்பும் வைத்தால் கசடில் கணிசமானது அங்கேயே தங்கும். 10 சென்டுக்கு இது பெரிய செலவும் இல்லை.

அடுத்த முறை உங்கள் சங்கக் கூட்டத்திலோ ஆபீஸ் ஃபெசிலிட்டி டீமிடமோ "பார்க்கிங்கை மறுபடி போடணும்" என்று பேச்சு வந்தால், மேலே என்ன போடப் போகிறோம் என்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே போகும்? கனமான வண்டி எந்த வழியில் வரும்? அடியில் எத்தனை செ.மீ. ஜல்லி இருக்கிறது? கொட்டேஷனில் இந்த மூன்றுக்கும் எண் இல்லையென்றால், எண்களோடு திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.